பள்ளியும் பட்டறையும்

தொழிலைக் கற்க வேண்டிய இடம் எது? பள்ளிக்கூடமா, தொழில் நடைபெறும் பட்டறையா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கூறி, நம் முன்னோர் இவ்வினாவின் ஒரு பக்கத்தைத் தெளிவாக்கி வைத்தார்கள். ஏட்டறிவே இல்லாத கைப்பழக்கம், பழகிய யந்திரம் மாறியவுடன் திகைத்து நின்றுவிடும் என்பது மறு பக்கம். ஏட்டையும் கையையும் இணைப்பதற்கு நம் நாடு 200 ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வந்திருக்கிறது. அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட அக்கறை உண்டு. மும்பையிலும், எஃகு நகரமாகிய ஜாம்ஷெட்பூரிலும், பெங்களூரின் தொழிற்சாலைகளைச் சுற்றியும், ரயில்வே குடியிருப்புகள் பலவற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்குத் தொழிலே காரணம். பூர்வீக நிலமோ, உறவினர் செல்வாக்கோ இல்லாத ஊரில் கைத்திறனே ஒருவனுக்கு முதற் சொத்து. நிலத்தைப் பத்திரம் எழுதி மகனுக்குக் கொடுத்துவிடலாம். கைத்திறனை அவ்வாறு எழுதிக் கொடுக்க இயலாது. அதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பழகியே பெற வேண்டும். எங்கே, எவரிடம், எந்த உரிமையோடு பழகுவது என்பதுதான் கேள்வி.

ஆகவே, இவ்வரலாற்றை ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு பார்ப்போம். பட்டறையின் வாசல் எந்தக் காலத்தில் எவருக்குத் திறந்தது?

பழங்காலத்தில் அவ்வாசல் பிறப்பினால் திறந்தது. தச்சர் மகன் தச்சுப் பட்டறையிலும், கொல்லர் மகன் உலைக்களத்திலும், நெசவாளர் மகன் தறியடியிலும் வளர்ந்தான். வட இந்திய நகரங்களில் உஸ்தாத் என்றும் ஷாகிர்த் என்றும் வழங்கும் ஆசான் மாணவன் முறையும் இதனோடு உறவுடையதே. இம்முறைக்குப் பெருமை உண்டு. மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல், செய்த பொருளுக்கு விலை பேசுவது வரை ஒரு தொழிலின் முழு உருவத்தையும் சிறுவன் கண்ணாரக் கண்டான். ஆனால், அந்தக் குலத்தில் பிறவாதவனுக்கு அவ்வாசல் பெரும்பாலும் அடைத்தே இருந்தது. பிறந்தவனுக்கோ அதைவிட்டு வெளியேறும் வாசல் இல்லை. எழுத்தறிவும் கணக்கும் ஓவியமும் அப்பயிற்சியில் முறையாகச் சேரவுமில்லை.

பிறப்பைச் சாராத தொழிற் பயிற்சி நம் நாட்டில் உருவானதைச் சென்னையிலேயே காண்கிறோம். 1794-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினர். அதன் பின்னணியில் நின்றவர் மைக்கேல் டாப்பிங் என்னும் வானநூல் வல்லுநர். கம்பெனிக்கு நிலத்தையும் ஆறுகளையும் கடற்கரையையும் அளந்து படம் வரைவதற்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதற்குச் செலவு மிகுதி. எனவே சென்னை அநாதை விடுதியிலிருந்து சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் எண்மரே. கணக்கையும் வரைபடக் கலையையும் பள்ளியில் கற்ற அச்சிறுவர்கள், பிறகு அளவை அதிகாரிகளுடன் வெளியிடங்களுக்குச் சென்று வெயிலிலும் காட்டிலும் தொழில் பழகினார்கள். அந்தச் சிறு பள்ளியே காலப்போக்கில் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்கியது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பாடமும் பணியிடமும் இணைந்த இந்தப் பயிற்சிக்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள். 56 ஆண்டுகளுக்குப் பின்னர், 1850-ல் இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டமும் இதே வழியில்தான் சென்றது. பொது தருமத்தால் வளர்க்கப்படும் அநாதைகளும் ஏழைக் குழந்தைகளும் ஒரு கைத்தொழிலைக் கற்று, வயது வந்தபின் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கமாக இருந்தது. 10 வயதிற்கு மேற்பட்ட சிறுவர்களை ஒப்பந்தத்தின் மூலம் ஒரு தொழிலதிபரிடம் பயிற்சிக்கு விட அது வழி செய்தது. நோக்கம் இரக்கமுடையதே. எனினும், பட்டறைப் பயிற்சி என்பது வேறு கதியற்றவர்களுக்கு என்ற எண்ணத்தையும் அந்தச் சட்டம் தன்னை அறியாமலே வலுப்படுத்திற்று. படிப்பு வந்தவன் கச்சேரிக்குப் போவான், வராதவன் பட்டறைக்குப் போவான் என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை அன்றோ?

அந்த 1850-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலைத்தொழிற் பள்ளியொன்றை நிறுவினார். பிற்காலத்தில் அரசாங்கக் கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. ஆனால் நாட்டின் தொழிற் பயிற்சியைப் பெருமளவில் மாற்றியமைத்தது பள்ளியன்று, ரயில். 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவிற்கும், 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் ரயில் வண்டி ஓடிற்று. வண்டி ஓடினால் பழுதும் வரும். பழுது வந்தால் பார்க்க ஆள் வேண்டும். 1862-ல் பீகாரில் முங்கேரை அடுத்த ஜமால்பூரில் கிழக்கிந்திய ரயில்வேயின் பெரும் பட்டறை ஏற்பட்டது. அங்குப் பயிலும் இளைஞர்களுக்குக் கணக்கும் யந்திர வரைபடமும் கற்பிக்க 1888-ல் ஒரு தொழில்நுட்பப் பள்ளியும் பட்டறையோடு சேர்ந்து எழுந்தது. பகலில் லேத்து யந்திரத்தின் முன்னும் உலையின் முன்னும் நின்ற கைகள், வகுப்பறையில் அளவுகோலையும் பென்சிலையும் ஏந்தின. இங்கே பள்ளிக்குத் துணையாகப் பட்டறை வரவில்லை; பட்டறைக்குத் துணையாகப் பள்ளி வந்தது. ஆயினும் அந்நாளில் மேற்பார்வைப் பதவிக்கு இட்டுச் செல்லும் பயிற்சி பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே கிடைத்தது. சுத்தியல் பிடிக்கும் வாசல் இந்தியனுக்குத் திறந்திருந்தது. வரைபடத்தைப் படித்து ஆணையிடும் வாசல் திறக்க நெடுங்காலம் ஆயிற்று.

அவ்வாசலைத் திறந்ததில் ஜாம்ஷெட்பூருக்குச் சிறந்த பங்கு உண்டு. 1907-ல் நிறுவப்பெற்ற டாடா இரும்பு எஃகுக் கம்பெனி, 1912-ல் எஃகு உருக்கத் தொடங்கிற்று. உலைகளையும் உருட்டாலைகளையும் நடத்துவதற்கு அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வல்லுநர்கள் ஒப்பந்தத்தின்பேரில் வரவழைக்கப்பட்டனர். அவர்களுடைய இடத்தை இந்தியர் ஏற்க வேண்டுமானால், எஃகுத் தொழிலின் நுட்பத்தை இந்திய மண்ணிலேயே கற்பிக்க வேண்டும். இதற்காக 1921-ல் ஜாம்ஷெட்பூர் தொழில்நுட்ப நிலையம் அங்கே தோன்றியது. பாடம் ஒரு புறம், உலைக்கள அனுபவம் மறு புறம் என்று அமைந்த அப்பயிற்சியின் பயனாக, வெளிநாட்டார் வகித்த பொறுப்புகள் படிப்படியாக இந்தியர் கைக்கு வந்தன. முறையான பணியிடப் பயிற்சி ஒருவனுக்குச் சோறு போடுவது மட்டுமன்று, ஒரு நாட்டைத் தன் காலில் நிற்கச் செய்வதுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பட்டறைகள் இவ்வாறு பள்ளியைத் தம்பால் அழைத்துக்கொண்டிருந்த காலத்தில், பொதுப் பள்ளிகள் என்ன செய்துகொண்டிருந்தன? 1882-ல் கல்வி நிலையை ஆராய்ந்த குழுவிற்கு வில்லியம் ஹண்டர் தலைவர். முன்பு கூறிய மருத்துவர் ஹண்டர் வேறு, இவர் வேறு. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளை இரு கிளைகளாகப் பிரிக்கலாம் என்று இக்குழு கூறிற்று. ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நோக்கிச் செல்வது. மற்றொன்று வாணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்கு இளைஞரைத் தகுதியாக்குவது. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டாவது கிளை தழைக்கவில்லை. நுழைவுத் தேர்வில் தேறியவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நடைமுறைக் கிளையில் தேறியவனுக்காக எந்தத் தொழிற்கூடமும் காத்திருக்கவில்லை. மரம் நட்டார்கள், அது வேர் பாய்ச்ச வேண்டிய மண்ணைத் தேடி வைக்கவில்லை.

1937-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் இரு வேறு குரல்கள் எழுந்தன. இங்கிலாந்திலிருந்து வந்து நிலைமையை ஆராய்ந்த அபட், உட் என்னும் இருவர், பொதுக் கல்விக்கு இணையாகத் தொழிற் பள்ளிகள் அமைய வேண்டும் என்றும், தொழிற் கல்வி தொழில் துறையோடு தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என்றும் அறிக்கை தந்தனர். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் தமது ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டார். டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற ஒரு கைத்தொழிலின் வாயிலாகவே கணக்கையும் மொழியையும் பிற பாடங்களையும் குழந்தை கற்க வேண்டும் என்பது அதன் உயிர்க் கருத்து. அபட்டும் உட்டும் மாணவனைத் தொழிலுக்கு ஆயத்தமாக்க எண்ணினர். காந்தியடிகளோ தொழிலையே கல்வியாக்க எண்ணினார். வழிகள் வேறாயினும், கையை மறந்த கல்வி குறையுடையது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர்.

பிறகு இரண்டாம் உலகப் போர் மூண்டது. படைக்கும் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கும் தொழில் தெரிந்த ஆட்கள் பல்லாயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். 1940-ல் தொழில்நுட்பப் பணியாளர் பயிற்சித் திட்டம் அவசரமாகத் தொடங்கப்பட்டது. போர் முடிந்த 1945-ல், படையிலிருந்து விடுபட்டு வந்த வீரர்களுக்கு மறுவாழ்வு தேடித் தருவதற்கென ஒரு தலைமை இயக்ககம் ஏற்பட்டது. பயிற்சி நிலையங்கள் போர் வீரர் கையிலிருந்து மெல்ல மெல்லப் பொதுமக்கள் கைக்கு வந்தன. பயிற்சி தருவோருக்கே பயிற்சி வேண்டும் என உணர்ந்து, 1948-ல் பிலாஸ்பூருக்கு அருகிலுள்ள கோனியில் ஆசிரியர் பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது. இன்று ஐ.டி.ஐ. என்று எவரும் அறிந்த தொழிற் பயிற்சி நிலையங்கள் இத்திட்டத்தின் வழி வந்தவை.

1956-ல் தேசியத் தொழிற் பயிற்சி மன்றம் நிறுவப்பட்டது. வேற்று மாநிலத்தில் வாழ்வோர் இதன் அருமையை நன்கு உணர்வார்கள். சென்னையில் பயின்ற பிட்டரும் லூதியானாவில் பயின்ற பிட்டரும் ஒரே அளவுகோலால் தேர்வு செய்யப்பட்டு, நாடெங்கும் செல்லுபடியாகும் ஒரே சான்றிதழைப் பெற வேண்டும் என்பது இம்மன்றத்தின் அடிப்படைக் கொள்கை. பாடப் புத்தகத்தின் மொழி மாநிலத்திற்கு மாநிலம் மாறும். மைக்ரோமீட்டரின் கோடுகள் மாறுவதில்லை. ஊர் மாறி வாழ்வோனுக்கு இத்தகைய சான்றிதழ் பெருந்துணையாயிற்று. இம்மன்றத்தின் பணிகளைப் பின்னர், 2018-ல் அறிவிக்கப்பெற்ற புதிய தேசிய மன்றம் ஏற்றுக்கொண்டது.

இனி நம் உரையின் மையத்திற்கு வருவோம். பயிற்சி நிலைய மாணவனுக்கு ஒரு வழி பிறந்தது. உயர்நிலைப் பள்ளியில் தொழிற் பாடம் எடுத்துப் படித்த மாணவனுக்கு என்ன வழி?

1952-ல் மத்திய அரசாங்கம் இடைநிலைக் கல்வியை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர், அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். 1953-ல் அவர் குழு அளித்த அறிக்கை, பல நோக்குப் பள்ளிகளை நிறுவ வேண்டும் என்றது. தொழிற் பள்ளிகள் இயன்றவரை அவற்றிற்குரிய தொழிற்சாலைகளின் அருகிலேயே அமைந்து, அவற்றோடு ஒத்துழைத்து நடைபெற வேண்டும் என்றது. அவற்றோடு, மற்றொரு பரிந்துரையையும் செய்தது. மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி வசதி தருவதைத் தொழிற்சாலைகளின் கட்டாயக் கடமையாக்கிச் சட்டம் இயற்ற வேண்டும் என்பதே அது. பள்ளியைத் திருத்தினால் மட்டும் போதாது, பட்டறையையும் கடமைப்படுத்த வேண்டும் என்று அவர் குழு தெளிவாக உணர்ந்திருந்தது.

அந்தச் சட்டம் 1961-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. அதுவே இன்றும் திருத்தங்களோடு நடப்பிலுள்ள தொழில் பழகுநர் சட்டம். 1850-ஆம் ஆண்டின் பழைய சட்டம் அத்துடன் மறைந்தது. அநாதைகளுக்கான தருமம் என்ற நிலை மாறி, குறிப்பிட்ட தொழில்களில் குறிப்பிட்ட விகிதத்தில் பழகுநர்களை ஏற்பது முதலாளியின் கடமையாயிற்று. பயிற்சிக்கு முன் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். பழகுநர் வயது வராதவராயின் அவருடைய பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தம் பதிவாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் உபகாரச் சம்பளம் உண்டு. தொழிலோடு தொடர்புடைய பாடங்களையும் கற்பிக்க வேண்டும். அப்பாட நேரமும் ஊதியத்திற்குரிய பணி நேரமாகவே கருதப்படும். பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவரே என்று சட்டம் கூறுகிறது. ஆயினும் தொழிற்சாலையில் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவை பற்றிய விதிகளும், விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடும் அவருக்கும் உண்டு.

எனினும் இச்சட்டம் முதலில் ஏற்றுக்கொண்டது பிட்டர், டர்னர் போன்ற குறிப்பிட்ட தொழில்களைப் பயிலும் பழகுநர்களை மட்டுமே. 1973-ல் செய்த திருத்தத்தால் பொறியியற் பட்டதாரிகளும் டிப்ளமா பெற்றவர்களும் சேர்க்கப்பட்டனர். பள்ளியில் தொழிற் பாடம் பயின்ற மாணவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

இதற்கிடையே பள்ளிகளில் தொழிற் பாடம் வேகமாகப் பரவலாயிற்று. டாக்டர் கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் குழு, 1966-ல் அளித்த அறிக்கையில் இடைநிலைக் கல்வியைத் தொழிலை நோக்கித் திருப்ப வேண்டும் என்று வற்புறுத்தியது. 1978-ல் மேல்நிலைக் கல்வியை, குறிப்பாக அதன் தொழிற் பிரிவை ஆராய்ந்த தேசியக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் வேலூரில் பிறந்த டாக்டர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றிய பொருளியல் அறிஞர் அவர். ‘செய்யக் கற்றல்’ என்று பொருள்படும் தலைப்பையே தம் குழுவின் அறிக்கைக்கு அவர் சூட்டினார். ஒரு வட்டாரத்தில் எந்தத் தொழிலுக்கு இடமுண்டு என்பதை முதலில் ஆராய்ந்தறிந்து, அதற்கேற்பவே தொழிற் பாடங்களைத் தொடங்க வேண்டும் என்பது அக்குழு காட்டிய நெறி. அதே 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொழிற் பிரிவோடு தொடங்கிற்று. 1986-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 விழுக்காட்டினரும், 1995-க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற் பிரிவில் சேர வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அவ்வாண்டிலேயே தொழில் பழகுநர் சட்டமும் மீண்டும் திருத்தப்பட்டது. மேல்நிலைத் தொழிற் பிரிவில் தேறியவர்களும் பழகுநர்களாகலாம் என்ற அத்திருத்தம் 1987-ன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓராண்டுப் பணியிடப் பயிற்சி; அதற்குரிய குறைந்தபட்ச உபகாரச் சம்பளத்தில் மத்திய அரசாங்கமும் பங்கேற்கும்; முடிவில் சான்றிதழ் கிடைக்கும்.

முதலியார் குழு பரிந்துரை செய்தது 1953-ல். பள்ளி மாணவனுக்கு வாசல் திறந்தது 1986-ல். இடையே 33 ஆண்டுகள். பட்டதாரிக்கு வழி கிடைத்து 13 ஆண்டுகளுக்குப் பிறகே பள்ளி மாணவனுக்கு வழி கிடைத்தது. உதவி மிகுதியாகத் தேவைப்பட்டவன் வரிசையில் கடைசியாக நின்றான் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.

வாசல் திறந்த பிறகேனும் கூட்டம் நிறைந்ததா? இலக்கு எட்டப்படவில்லை. 1992-ல் கொள்கையைத் திருத்தியமைத்தபோது, 10 விழுக்காட்டை 1995-க்கும், 25 விழுக்காட்டை 2000-க்கும் தள்ளிவைத்தார்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துக்காட்டும் பழைய மதிப்பீடு ஒன்றின்படி, 19 முதல் 24 வயது வரையுள்ள இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற் கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. ஜெர்மனியில் அது 75 விழுக்காடு. குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே தொழிலோடு அறிமுகம் வேண்டும் என்று கருதிய அக்கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பையின்றி, உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழகலாம் என்று கூறுகிறது.

இவ்வளவு முயற்சிக்கும் உரியதாகப் பணியிடம் என்னதான் கற்பிக்கிறது? பள்ளிப் பட்டறையிலேயே அரமும் வைஸும் லேத்தும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விளக்குவோம்.

முதலாவது, அளவு. பள்ளியில் மாணவன் அராவிய இரும்புத் துண்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆசிரியர் இரண்டு மதிப்பெண் குறைப்பார். தொழிற்சாலையில் அதே துண்டு அடுத்தவர் செய்த பாகத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அதற்கு மதிப்பெண் இல்லை, பழைய இரும்பின் விலைதான். தன் கைவேலை பிறருடைய கைவேலையோடு இணைய வேண்டும் என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது.

இரண்டாவது, காலமும் பொருளும். ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எவ்வளவு உலோகம் வீணாகிறது, யந்திரம் நின்றால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லலாம். ஷிப்டு முடியும் நேரத்தில் நிற்கும் பழகுநருக்குத்தான் அது உறைக்கும்.

மூன்றாவது, எச்சரிக்கை. சுழலும் யந்திரத்தின் அருகே தளர்ந்த உடை கூடாது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும் என்பன மனப்பாடமாக இருந்தால் போதாது. நினையாமலே செய்யும் பழக்கமாக வேண்டும். பழக்கம் நாள்தோறும் செய்வதால் வருவது.

நான்காவது, மனிதர்கள். மேஸ்திரியிடம் ஐயம் கேட்பது, சாமான் அறையில் கணக்கு ஒப்புவிப்பது, வேறு மொழி பேசும் கூட்டாளியோடு ஒத்துழைப்பது, தவறு நேர்ந்தால் மறைக்காமல் உடனே சொல்வது ஆகியவை வேலையின் பாதி. வீட்டில் தமிழும், பள்ளியில் ஒரு மொழியும், தெருவில் வேறொரு மொழியும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்நான்காவது பாடம் எளிதில் கைவரும் என்று நம்பலாம்.

தொழிற்சாலைக்கு மட்டுமன்று, மருத்துவமனையில் பழகும் செவிலியர் பிரிவு மாணவிக்கும், அலுவலகத்தில் கணக்கெழுதப் பழகும் மாணவனுக்கும் இவை பொருந்தும். மருந்தின் அளவும் பேரேட்டின் கூட்டலும் பிழையைப் பொறுப்பதில்லை.

அதே வேளையில் பள்ளியின் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. வரைபடத்தைப் படிக்கும் அறிவும், கணக்கும், ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற விளக்கமும் பள்ளி தர வேண்டியவை. அவை இல்லாதவன் ஒரே யந்திரத்திற்குக் கட்டுப்பட்டவனாகிறான். யந்திரம் பழையதாகும் நாளில் அவனும் பழையவனாகிவிடுவான். ஆகவே பள்ளி முந்தியா, பட்டறை முந்தியா என்ற வழக்கு வீண். ஒன்று மற்றொன்றை நிறைவு செய்ய வேண்டும்.

இங்கே ஓர் அபாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி என்ற பெயரில் குறைந்த செலவில் ஆள் பிடித்து, ஓராண்டு முழுவதும் பெருக்கவும் சுமக்கவும் வைத்து அனுப்பிவிடும் இடங்களும் இருக்கக்கூடும். பழகுநரைப் பயிற்சிக்குப் பின் வேலையில் அமர்த்தியே தீர வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. 2014-ல் செய்த திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறியவருக்குச் சிறைத் தண்டனை என்றிருந்ததை நீக்கி, அபராதம் மட்டும் என்று மாற்றியதும் அத்திருத்தமே. தொழிலதிபர்கள் அச்சமின்றி மிகுதியான பழகுநர்களை ஏற்பார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அபாயகரமான தொழில்களில் 18 வயது நிரம்பாதவரைப் பழகுநராகச் சேர்க்கலாகாது என்ற நல்ல காப்பும் அதிலேயே இடம்பெற்றது.

ஆதலின் பெற்றோர் விழிப்போடிருத்தல் அவசியம். பிள்ளை பயிற்சிக்குச் செல்லுமுன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்க. ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவாகிறதா? அதில் தொழிலின் பெயரும் காலமும் உபகாரச் சம்பளமும் தெளிவாக உள்ளனவா? கற்றுக்கொடுப்பவர் யார்? முடிவில் கிடைக்கும் சான்றிதழ் பிற மாநிலங்களிலும் செல்லுமா? ஊர் மாற நேரிடும் குடும்பங்கள் கடைசி வினாவை ஒருபோதும் விட்டுவிடலாகாது. மேல்நிலைத் தொழிற் பிரிவில் தேறியோருக்கும், டிப்ளமா, பட்டம் பெற்றோருக்கும் பயிற்சியிடம் தேடித் தர சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் மத்திய அரசாங்கத்தின் பயிற்சி வாரியங்கள் பணிபுரிகின்றன. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அவ்வட்டாரத்து வாரியத்தை அணுகலாம்.

1794-ல் எட்டுச் சிறுவர்களுக்குத் திறந்த வாசல், ரயில்வே பட்டறைகளின் வழியாகவும், எஃகு உலைகளின் வழியாகவும், போர்க் காலத்துப் பயிற்சிக் கூடங்களின் வழியாகவும் அகன்று, இறுதியில் பள்ளி மாணவன் வரை வந்து சேர்ந்தது. இரக்கத்தின் பேரில் அளிக்கப்பட்டது இன்று உரிமையின் பேரில் கேட்கத்தக்கதாகியிருக்கிறது. தொழிற் பிரிவில் சேரும் பிள்ளையைப் பார்த்து, ‘படிப்பு வரவில்லையோ?’ என்று வினவும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். ‘எந்தப் பட்டறையில் பழகப் போகிறாய்? அங்கே உனக்குக் கற்பிப்பவர் யார்?’ என்று கேட்கப் பழகுவோம். அக்கேள்வியே அப்பிள்ளைக்கு நாம் செய்யும் முதல் உதவியாகும்.